சென்னையிலிருந்து சிங்கப்பூர்: தூரமும் நேரமும் நாமே கணக்குப் போடுவது எப்படி?

டிக்கெட்டைப் பார்த்த பெரியம்மாவுக்கு முகமே மாறிவிட்டது. "ஏழு மணி நேரமாடா உட்காரணும்? கால் வீங்கிடுமே!" இரவு 11.15-க்குச் சென்னையில் கிளம்பி, காலை 6 மணிக்குச் சிங்கப்பூரில் இறங்குவதாகப் போட்டிருந்தது. உண்மையில் நாலேகால் மணி நேரம்தான். அது எப்படி என்று பார்க்க மொபைல் கால்குலேட்டர் போதும்.

படி 1: மொபைல் மேப்பில் விமான நிலையத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் இரண்டு எண்கள் வரும். முதலாவது அட்சரேகை, அடுத்தது தீர்க்கரேகை. மீனம்பாக்கம் 12.99, 80.17. சிங்கப்பூரின் சாங்கி 1.36, 103.99.

படி 2: ஒன்றிலிருந்து ஒன்றைக் கழியுங்கள். அட்சரேகையில் 11.63, தீர்க்கரேகையில் 23.82 டிகிரி வித்தியாசம். அட்சரேகையில் ஒரு டிகிரி என்பது எங்கே போனாலும் ஏறக்குறைய 111 கி.மீ. தீர்க்கரேகை அப்படியில்லை, ஆரஞ்சுச் சுளை மாதிரி துருவத்தை நோக்கிக் குறுகிக்கொண்டே போகும். அதைச் சரிக்கட்ட, இரண்டு அட்சரேகைகளின் சராசரியான 7.18-க்கு 'காஸ்' (கால்குலேட்டரில் cos என்ற பொத்தான்) போட்டு, அதால் 23.82-ஐப் பெருக்குங்கள். 23.63 வரும். கால்குலேட்டர் டிகிரியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கோணத்தை அளக்கும் இன்னொரு அலகான ரேடியனில் இருந்தால் விடை கன்னாபின்னாவென்று வரும். நான் அரை மணி நேரம் முழித்திருக்கிறேன்.

படி 3: பள்ளிக்கூடத்துப் பிதாகரஸ்தான். 11.63, 23.63 இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுத்தால் 26.34. அதை 111-ஆல் பெருக்கினால் சுமார் 2,920 கி.மீ.

இந்தக் குறுக்குவழியை லண்டனுக்குப் போட்டுப் பார்க்காதீர்கள். 8,690 கி.மீ. என்று சொல்லும், உண்மையில் சுமார் 8,230தான். தட்டையான தாளுக்கான கணக்கு அது, பூமியோ உருண்டை. பூகோள உருண்டையில் சென்னைக்கும் லண்டனுக்கும் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் எது குறுகிய பாதை என்று தெரிந்துவிடும். அந்தப் பாதைக்குப் பெருவட்டம் என்று பெயர். நெடுந்தூரத்துக்கு அதைக் கணக்கிட்டுத் தரும் இணையதளங்களையே பயன்படுத்துங்கள்.

படி 4: ஜெட் விமானம் உயரே போனபின் மணிக்கு 850 முதல் 900 கி.மீ. வரை பறக்கும். 2,920-ஐ 850-ஆல் வகுத்தால் 3 மணி 26 நிமிடம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் அரை மணியிலிருந்து முக்கால் மணி வரை சேருங்கள். நாலு, நாலேகால் மணி நேரம். லண்டன் மாதிரி ஊர்களுக்குக் காற்றையும் பார்க்கணும். உயரே மேற்கிலிருந்து கிழக்கே வீசும் வேகக் காற்று, போகும்போது தடுக்கும், வரும்போது தள்ளிவிடும்.

படி 5: அப்புறம் கடிகாரம். சிங்கப்பூர் நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. டிக்கெட்டில் தெரிந்த 6.45-இல் 2.30 போனால் 4.15.

பெரியம்மா திரும்பி வரும் டிக்கெட்டையும் எடுத்து நீட்டினார். இரவு 8 மணிக்குக் கிளம்பி 9.45-க்குச் சென்னை. "வர்றப்போ ஒண்ணே முக்கால் மணி நேரம்தானா! அந்த விமானத்திலேயே போறப்பவும் போட்டிருக்கக் கூடாதா?"