நைட்ரஜன் முந்தினால் சவ்வைப் பாருங்கள்

வாயுக்களைப் பிரிக்கும் பாலிசல்ஃபோன் என்ற பாலிமர் சவ்வில் ஆக்சிஜன் நைட்ரஜனைவிட ஐந்தாறு மடங்கு வேகமாகக் கடக்க வேண்டும். தனித்தனி வாயுவாகச் சோதித்தபோது எனக்குக் கிடைத்த ஆக்சிஜன்/நைட்ரஜன் விகிதம் 0.94. கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஓ-ரிங்கை மாற்றினேன், சிலிண்டரைச் சந்தேகித்தேன், ஓட்டமானியை மறுபடி அளவுதிருத்தம் செய்தேன், நாள்தான் போயிற்று.

துப்பு அந்த எண்ணிலேயே இருந்தது. நைட்ரஜனின் மூலக்கூறு எடையான 28-ஐ ஆக்சிஜனின் 32-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் அதே 0.94! நுண்துளைகளில் எடை குறைந்த மூலக்கூறுதான் முந்தும். ஓ-ரிங் ஓரப் பெருங்கசிவென்றால் பாகுத்தன்மை விளையாடி 0.86 பக்கம் இறங்கியிருக்கும். எனவே பழுது சவ்வின் மேல்தோலில், அதாவது வாயுவைப் பிரிக்கும் மெல்லிய மேலடுக்கில் உள்ள நுண்துளைகளில்.

மான்சான்டோ நிறுவன ஆய்வாளர்கள் ஹெனிஸும் திரிபோடியும் 1980-இல் வெளியிட்ட வழிதான் கைகொடுத்தது: ஹெக்சேனில் கரைத்த சிலிக்கோன் ரப்பரை மெல்லியதாகப் பூசி உலரவிட்டேன். சிலிக்கோன் தனியே இரண்டு மடங்குதான் பிரிக்கும். துளையை அடைப்பது மட்டுமே அதன் வேலை, மற்றதைப் பாலிசல்ஃபோன் பார்த்துக்கொள்ளும். விகிதம் ஐந்தைத் தாண்டியது. அப்பாடா! ஈரம் மிச்சமிருந்த சவ்வுத் துண்டில் மட்டும் பூச்சு திட்டுத்திட்டாக நின்றது. அதை உலர்த்திவிட்டு மீண்டும் பூசினேன்.