மாத்திரை ஆரம்பித்த பிறகு எடை ஏறுதா? முதலில் அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

அம்மாவுக்குக் கொலுசு இறுகியதில்தான் விஷயமே தெரிந்தது. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் அளவு பார்த்து வாங்கிய கொலுசு, இரண்டே மாதத்தில் கணுக்காலில் தடம் பதிக்க ஆரம்பித்துவிட்டது, எடையும் நாலு கிலோ கூடியிருந்தது. வீட்டில் எல்லோரும் சாயங்காலத் தட்டுவடை செட்டின் மேல் பழியைப் போட்டோம். "பாதி செட்டுதான்டா தின்னேன்" என்று அம்மா சொன்னதை ஒருத்தரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் பார்த்தால், சர்க்கரைக்குப் புதிதாகச் சேர்த்த மாத்திரையில் பயோகிளிட்டசோன் இருந்தது. அது உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கி வைக்கும், கொழுப்பையும் கூட்டும். எழுதிக் கொடுத்தவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

சரி, உங்கள் வீட்டில் இப்படி நடந்தால் என்ன செய்யலாம்?

அட்டையில் கம்பெனி வைத்த பெயர் ஒன்று இருக்கும், அதை விடுங்கள். அதோடு உள்ளே இருக்கும் மருந்தின் பெயரும் இருக்கும், அதுதான் நமக்கு வேண்டும். கடையில் நாலு மாத்திரை மட்டும் கத்தரித்துக் கொடுத்தால் பெயர் பாதியில் போய்விடும், அப்போது பில் கேட்டு வாங்குங்கள். சர்க்கரை மாத்திரையில் இன்னொரு சிக்கல், ஒரே மாத்திரைக்குள் கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், பயோகிளிட்டசோன் என்று மூன்றும் இருக்கலாம். மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். பக்கத்தில் எந்த மாதம் ஆரம்பித்தது, எப்போது டோஸ் கூடியது என்றும் எழுதுங்கள். மருந்துக்கு முன்பே எடை ஏற ஆரம்பித்திருந்தால் காரணம் வேறாக இருக்கலாம், தைராய்டு ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது.

எடையை ஏற்றுவது எந்தெந்த மருந்து என்றால், சர்க்கரையில் இன்சுலினும் கிளிமிபிரைடு வகையும். முன்பு சிறுநீரில் வீணாய்ப் போன சர்க்கரை இப்போது உடம்பிலேயே தங்குகிறது, அதோடு சர்க்கரை இறங்கிப் படபடப்பு வரும்போதெல்லாம் எதையாவது வாயில் போட்டுக்கொள்கிறோம். மெட்ஃபார்மின் அப்படி ஏற்றாது. மனநல மருந்துகளில் ஒலான்சபின், குளோசபின் இரண்டும் பசியை நன்றாகவே கிளப்பும், மிர்டசபினும் அப்படித்தான். வலிப்புக்குத் தரும் வால்புரோயேட், கால் எரிச்சலுக்குத் தரும் பிரிகாபலின், நரம்பு வலிக்கும் ஒற்றைத் தலைவலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின், இவையும் பட்டியலில் உண்டு. பிரஷருக்கான அட்டினலால் சிலருக்குக் கொஞ்சம் ஏற்றும், பெரிதாக இல்லை. அம்லோடிபின் கால் வீக்கம் தரும், அதைப் பார்த்துக் குண்டாகிவிட்டோம் என்று நினைப்பவர்கள் உண்டு. பிள்ளை சாப்பிடவில்லை என்று வாங்கிக் கொடுக்கும் பசி டானிக்குகளில் சிப்ரோஹெப்டடின் இருக்கலாம், அதன் வேலையே பசியைக் கூட்டுவதுதான்.

ஸ்டீராய்டு தனிக்கதை. ஏற்காட்டில் இருக்கும் எங்கள் அத்தைக்கு ஒரு வருஷத்தில் முகம் நிலா மாதிரி உருண்டுவிட்டது, பிடரியில் சதை, வயிறு முன்னால், கை கால் மட்டும் மெலிவு. பார்த்தவர்கள் எல்லாம் "நல்லாத் தேறிட்டீங்க" என்றார்கள். மூட்டுவலிக்கு யாரோ பொட்டலம் கட்டிக் கொடுத்த பெயரில்லாத பொடியைத் தினமும் தின்றிருக்கிறார். இந்த மாதிரிப் பொடிகளில் ஸ்டீராய்டைக் கலந்து விற்பதுண்டு, வலி உடனே விட்டுப்போவதே சந்தேகப்பட வேண்டிய விஷயம். பொட்டலத்தோடு டாக்டரிடம் கூட்டிப் போனோம், கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நிறுத்தினார். பல வாரம் ஸ்டீராய்டு தின்ற உடம்பு தனக்கு வேண்டியதைத் தானே சுரப்பதைக் குறைத்துவிடும், திடீரென்று நிறுத்தினால் மயங்கி விழலாம், உயிருக்கே ஆபத்தாகலாம்.

அதனால் எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். வால்புரோயேட்டை விட்டால் வலிப்பு திரும்பும், அட்டினலாலைச் சட்டென்று விட்டால் நெஞ்சுவலியே வரலாம், ஒலான்சபினை விட்டால் அடங்கியிருந்த நோய் மறுபடி தலைதூக்கும்.

நிறுத்துவதற்குப் பதில் எடை பாருங்கள். காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, சாப்பிடும் முன், எப்போதும் ஒரே மெஷினில். ஏற்காட்டு ஆட்கள் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்து பார்க்க வேண்டாம், வீட்டுக்கே ஒரு மெஷின் வாங்கிவிடலாம். வாரம் ஒருமுறை போதும். கால் வீங்கியிருந்தால் தினமும் பாருங்கள், எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுந்து நிற்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ அது சாப்பாட்டால் வந்ததில்லை, இதயமோ சிறுநீரகமோ சம்பந்தப்பட்டிருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

கூட்டமான ஓ.பி.யில் நமக்குக் கிடைப்பது இரண்டு நிமிஷம்தான். உட்கார்ந்ததும் மருந்துப் பெயர், தேதி, எடை எழுதிய தாளை முதலில் நீட்டிவிடுங்கள், முழங்கால் வலிக்கதை அப்புறம். கேட்க வேண்டியது இதுதான்: "இந்த மருந்தால எடை ஏறுமாங்க? ஏறாத மாற்று மருந்து இருக்கா? டோஸைக் குறைக்க முடியுமா?" சில சமயம் மாற்றுவார்கள், சில சமயம் இதுதான் வேண்டும் என்பார்கள், அப்போது ஏன் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அம்மாவுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். கால் வீக்கம் சில வாரத்தில் வடிந்துவிட்டது, எடையில் இன்னும் ஒன்றரை கிலோ பாக்கி. தட்டுவடை பாதி செட்டுதான் என்று இப்போதும் சாதிக்கிறார்.