மெஹ்ரான்கட் கோட்டை அருங்காட்சியகம்: முதல்முறை போகிறவர்களுக்கு

ராஜஸ்தானின் ஜோத்பூருக்குப் புதிதாக வருகிறவர்கள் பழைய நகரத்துச் சந்துகளில் நடந்து ஃபதே போல் ('போல்' என்றால் வாசல்) வழியாகக் கோட்டை ஏறுவார்கள். கிட்டத்து வழிதான், ஆனால் நல்ல ஏற்றம். அருங்காட்சியகத்துக்குள் கால் வைக்கும்போதே முட்டி கெஞ்சும். ஏறுவதற்கு ஜெய் போல், இறங்குவதற்கு ஃபதே போல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. காலை 9 மணிக்குத் திறக்கும்போதே போய்விடுங்கள். ஆட்டோக்காரரிடம் 'ஜெய் போல்' என்று வாசல் பெயரையே சொல்லுங்கள். படி ஏற முடியாதவர்கள் நுழைவுச்சீட்டு வாங்கும்போதே லிஃப்ட் பற்றியும் கேட்டுவிடுங்கள். அதற்குத் தனிக் கட்டணம். மொத்தம் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

2. வாசல்களை அவசரமாகக் கடக்காதீர்கள். ஜெய் போல், ஜோத்பூர் மகாராஜா மான்சிங் கட்டியது. சற்று மேலே ஏறினால், முற்றுகை ஒன்றில் பீரங்கிக் குண்டு பட்ட தழும்புகளைச் சுவரில் காணலாம். லோஹா போல் அருகே பாதை சட்டென்று திரும்பும். கதவில் இரும்பு முட்கள். ஓடிவரும் யானைக்கு வேகம் கிடைக்கக் கூடாது என்பதற்காகத் திருப்பம், அது கதவை முட்டக் கூடாது என்பதற்காக முட்கள். அதே வாசலில் சின்னச் சின்னக் கைத்தடங்கள் இருக்கும். 1843-இல் மான்சிங்கின் சிதையில் உடன்கட்டை ஏறிய ராணிகளுடையவை. பின்னணி தெரியாமல் அதன்முன் சிரித்துப் படம் எடுப்பவர்களே அதிகம்.

3. சூரஜ் போல் தாண்டினால் அருங்காட்சியகம். யானை அம்பாரிகளைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முன்பகுதி அரசருக்கு, பின்னால் இருக்கும் சிறிய இடம் மெய்க்காவலருக்கு. ஷாஜகான் ஜோத்பூர் அரசர் ஜஸ்வந்த் சிங்குக்கு அளித்த வெள்ளி அம்பாரியும் இங்கேதான். பல்லக்குகளில் தவறவிடக் கூடாதது, 1730-இல் குஜராத் போரில் வென்று கொண்டுவந்த மஹாடோல்.

4. மேல்தளத்தில் சுற்று பெரும்பாலும் ஒருவழி. எதையாவது விட்டுவிட்டால் குறுகிய படிகளில் கூட்டத்தை எதிர்த்துத் திரும்புவது சிரமம். பூல் மஹால் என்ற கூடத்தில் பொன்வேலைக் கூரை. தக்த் விலாஸ் என்ற அறையின் கூரையில் தொங்கும் கண்ணாடி உருண்டைகள் அசல் கிறிஸ்துமஸ் அலங்காரப் பொருள்கள்! மோதி மஹால் என்ற கூடத்துச் சுவர்களின் முத்துப் பளபளப்புக்குக் காரணம், சுண்ணாம்புடன் அரைத்துச் சேர்த்த கிளிஞ்சல். அங்குள்ள ஐந்து மாடங்களின் பின்னே, அரசவைப் பேச்சை ராணிகள் மறைந்திருந்து கேட்ட அறைகள் இருப்பதாகச் சொல்வார்கள். கண்ணாடிப் பெட்டிகளுக்கு நேரே நின்று படமெடுத்தால் உங்கள் முகம்தான் விழும். சாய்வாக நின்று எடுங்கள்.

5. வெளியே வந்ததும் கோட்டையின் தென்கோடியில் சாமுண்டா கோயில். அங்கிருந்து திரும்பி ஃபதே போல் வழியே இறங்கினால் பழைய நகரத்து நீலம் பூசிய வீடுகளின் நடுவில் போய் நிற்பீர்கள். கற்கள் தேய்ந்து வழுக்கும். புதுத் தோல்செருப்பு வேண்டாம், பிடிப்புள்ள ரப்பர் அடியே சரி.