கடற்கரைக் காரில் முன்கண்ணாடி ஒழுகினால்: வீட்டிலேயே சரிசெய்யும் முறை

ஐப்பசியின் முதல் மழை ஓய்ந்த மறுநாள் காலையில் கார்க் கதவைத் திறந்து காலை வைத்ததும் மிதியடிக்குக் கீழே ஈரம் பிசுபிசுத்தால், பெரும்பாலானோர் கடையில் ஒரு சிலிக்கான் குழாயை வாங்கி வந்து கண்ணாடியின் ஓரம் முழுவதும் பிதுக்கிவிடுகிறார்கள். நானும் முதன்முறை அப்படித்தான் செய்தேன். கார்த்திகை பிறப்பதற்குள் அதே இடத்தில் மீண்டும் ஒழுகியது. தொண்டி முதல் சாயல்குடி வரையிலான நம் கடற்கரையில் இந்த வேலை நிலைக்க வேண்டுமானால், பசையைத் தொடுவதற்கு முன்பு கண்ணாடியைத் தாங்கும் இரும்பு விளிம்பில் உப்பும் துருவும் இருக்கின்றனவா என்று பார்த்தாக வேண்டும். துருவின் மேல் போடும் பசை துருவைத்தான் பிடித்துக்கொள்ளும். துரு உதிரும்போது பசையும் அதனுடனேயே பெயர்ந்து வந்துவிடும்.

1914-இல் திறக்கப்பட்ட பழைய பாம்பன் ரயில் பாலம் தன் காலம் முழுவதும் இந்த உப்புக்காற்றோடு போராடியது. 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய பாலத்திற்குத் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளும் தனிப் பாதுகாப்புப் பூச்சும் தேவைப்பட்டன. நம் காரின் கண்ணாடி விளிம்பில் இருக்கும் தகடோ ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இல்லாதது. ஆகவே துருவைப் பார்க்கும் வேலைக்கு இந்த விளக்கத்தில் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

ஈரம் கண்ணாடி வழியாகத்தான் வருகிறதா?

முதலில் ஈரத்தின் காரணத்தை உறுதிசெய்துகொள்ளுங்கள். மழையே இல்லாத நாளில், ஏசி போட்டு நெடுந்தூரம் ஓட்டிய பிறகு இடப்பக்க முன்இருக்கையின் காலடி மட்டும் நனைந்திருந்தால், பெரும்பாலும் ஏசியின் கழிவுநீர்க் குழாய் அடைபட்டிருக்கும். ஈரம் இனிப்பு வாடையோடும் வழவழப்பாகவும் இருந்தால் அது ரேடியேட்டர் கூலன்ட்; அதை மெக்கானிக்கிடம்தான் காட்ட வேண்டும்.

அடுத்து பானெட்டைத் திறந்து, வைப்பருக்குக் கீழே கண்ணாடியின் அடிவிளிம்போடு ஒட்டியிருக்கும் கறுப்பு பிளாஸ்டிக் மூடியைப் பாருங்கள். கண்ணாடியில் வழியும் மழைநீர் அந்த மூடியின் அடியிலுள்ள பள்ளத்தில் விழுந்து, இரண்டு ஓரங்களிலும் உள்ள துளைகளின் வழியாகத் தரைக்கு இறங்க வேண்டும். வேப்பமரத்து நிழலிலோ உடைமரத்து நிழலிலோ நிற்கும் காரில் அந்தத் துளைகளைச் சருகும் பூவும் அடைத்துக்கொள்ளும். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் மணலும் சேர்ந்துவிடும். 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை திறக்கப்பட்டபின் தனுஷ்கோடிக்குச் சென்று வரும் கார்கள் மிகுந்துவிட்டன; அங்கிருந்து திரும்பிய கார் ஒன்றின் பள்ளத்திலிருந்து நான் இரண்டு கை நிறைய மணலை அள்ளியிருக்கிறேன். துளை அடைபட்டால் நீர் தேங்கி, மட்டம் உயர்ந்து, ஏசிக்குக் காற்று இழுக்கும் வழியாக உள்ளே வந்துவிடும். விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றால் துளைகளைக் குத்தி, ஒரு சொம்பு நீரை ஊற்றிப் பாருங்கள். ஊற்றிய நீர் உடனே சக்கரத்தின் பின்புறமாகத் தரையில் வழிந்தால் வழி திறந்துவிட்டது; பலருக்கு இத்தோடு வேலை முடிந்துவிடும்.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு காரணமும் உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். மழைக்காலத்தில் சமையலறை உப்புச்சாடியில் நடப்பது அதுதான். கடலில் கால் நனைத்தவர்கள் அப்படியே ஏறி இறங்கிய காரின் தரைவிரிப்பும் அந்தச் சாடியைப் போன்றதே. வெயிலில் உலர்த்தினாலும் மறுநாள் காலையில் மீண்டும் நசநசக்கும். அத்தகைய விரிப்பைக் கழற்றி நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிக் காயவைத்த பிறகும் ஈரம் வந்தால் மட்டுமே ஒழுக்கைத் தேடுங்கள்.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடித்தல்

இதற்கு இருவர் வேண்டும். ஒருவர் வெளியே ஹோஸ் பைப்போடும் மற்றவர் உள்ளே டார்ச் விளக்கோடும் இருக்க வேண்டும். டேஷ்போர்டின் மேல் பழைய கைலியை விரித்து, கண்ணாடியின் உள்விளிம்பை ஒட்டி முகப்பவுடரைக் கோடாகத் தூவுங்கள். இரண்டு காலடிகளிலும் நாளிதழை விரியுங்கள்.

வெளியே இருப்பவர் அழுத்தமில்லாமல் மெல்ல நீரை விட வேண்டும். வாட்டர் சர்வீஸ் நிலையத்தில் பயன்படுத்தும் அழுத்தக் குழாய் இதற்கு ஆகாது. அது நல்ல இடத்திலும் நீரை உள்ளே தள்ளி நம்மை ஏமாற்றிவிடும். கண்ணாடியின் அடிவிளிம்பில் தொடங்கி, ஓரிடத்தில் மூன்று நிமிடமாவது நின்று, பிறகு ஒரு சாண் தள்ளிச் சென்று, பக்கவிளிம்புகளில் ஏறி, மேல்விளிம்பைக் கடைசியாக நனையுங்கள். மேலிருந்து தொடங்கினால் நீர் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் வழிந்து, எந்த இடம் குற்றவாளி என்று தெரியாமல் போய்விடும்.

உள்ளே இருப்பவர் அவசரப்படக் கூடாது. எங்கள் வீட்டுக் காரில் கால்மணி நேரம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வலப்பக்க மேல்மூலையில் குழாய் நின்றபோது, கண்ணாடியை ஒட்டி நிற்கும் பக்கத்தூணின் பிளாஸ்டிக் உறை டேஷ்போர்டைத் தொடும் இடத்தில் பவுடரின் நடுவே ஊசிமுனை அளவு ஒரு கறுப்புப் புள்ளி தோன்றி, அது கோடாக நீண்டு, கோடு கிளைவிட்டது. "மச்சான், இங்கனதான் எறங்குது, பைப்ப அசைக்காம பிடிங்க" என்று உள்ளேயிருந்து மைத்துனன் குரல் கொடுத்தபோது, நீர் விழும் இடத்திற்கும் புள்ளிக்கும் இடையே இரண்டடி இருந்தது. நீர் நுழையும் இடமும் சொட்டும் இடமும் ஒன்றாக இருப்பது அரிது என்பதால், சொட்டைப் பார்த்ததும் குழாய் நிற்கும் இடத்தில் வெளியே மாஸ்கிங் டேப் ஒட்டி அடையாளமிடுங்கள்.

நீரால் கண்டுபிடிக்க முடியாவிட்டால், எல்லாக் கதவுகளையும் மூடி, ஏசி விசிறியை வெளிக்காற்று இழுக்கும் நிலையில் முழுவேகத்தில் ஓடவிட்டு, கண்ணாடியின் வெளிவிளிம்பில் ஷாம்பு கலந்த நீரைத் தடவுங்கள். இடைவெளி உள்ள இடத்தில் குமிழி எழும்.

கண்ணாடி எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது?

அம்பாசிடர், மாருதி ஆம்னி போன்ற பழைய வண்டிகளில் கண்ணாடியைத் தடித்த ரப்பர் பீடிங் கவ்விப் பிடித்திருக்கும். இக்காலக் கார்களில் கண்ணாடி நேரடியாகப் பாலியூரித்தேன் பசையால் தகட்டோடு ஒட்டப்பட்டிருக்கும். ஓரத்தில் தெரியும் மெல்லிய ரப்பர் பெரும்பாலும் அழகுக்காக வைத்தது. ஒட்டப்பட்ட கண்ணாடி காரின் கூரைக்கு வலுவூட்டுகிறது. விபத்தின்போது பல கார்களில் இடப்பக்க ஏர்பேக் இந்தக் கண்ணாடியில் முட்டித்தான் பயணியை நோக்கி விரிகிறது. எனவே உள்ளிருந்து மூலையை உள்ளங்கையால் மெல்ல அழுத்தும்போது கண்ணாடி அசைந்தால், அல்லது கண்ணாடியில் விரிசல் இருந்தால், வீட்டில் எதையும் செய்யாமல் கண்ணாடி மாற்றும் பட்டறைக்குக் கொண்டுசெல்லுங்கள். இதில் நான் சிறிதும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

துருவை அகற்றுதல்

ஒட்டப்பட்ட கண்ணாடியாக இருந்தால், அடையாளமிட்ட இடத்தில் ஓரப் பட்டையை பிளாஸ்டிக் நெம்பியால் மெதுவாகக் கழற்றுங்கள். கிளிப்புகள் உடையக்கூடும் என்பதால் மாற்றுக் கிளிப்புகளை முன்பே வாங்கி வைப்பது நல்லது. பட்டையை எடுத்ததும் கண்ணாடிக்கும் தகட்டுக்கும் நடுவே கறுப்புப் பசை தெரியும். பசையின் விளிம்பில் வெண்பொடி படிந்திருந்தால், அங்கே உப்புநீர் வந்து காய்ந்து போயிருக்கிறது என்று பொருள். பெயின்ட் கொப்புளம் போல எழும்பியிருந்தால் நகத்தால் கீறிப் பாருங்கள். எங்கள் காரில் கொப்புளம் மிளகு அளவுதான் இருந்தது. கீறியதும் செம்பழுப்பான துருச் செதில்கள் அப்பளம் நொறுங்குவதைப்போல் உதிர்ந்து, விரல்நீளத்திற்கு இரும்பு வெளிப்பட்டது. மூன்று ஆண்டுகளுக்கு முன் கண்ணாடி மாற்றிய பட்டறையில் பழைய பசையை அறுத்த கத்தி பெயின்ட்டைக் கீறியிருக்கிறது. அந்தக் கீறலுக்குப் பிரைமர் என்னும் அடிப்பூச்சைத் தடவாமலேயே புதிய பசையைப் போட்டுவிட்டார்கள். நீங்கள் கண்ணாடி மாற்றக் கொடுக்கும்போது பக்கத்தில் நின்று, கீறல்களுக்குப் பிரைமர் தொடச் சொல்லுங்கள். அப்படிக் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

துரு வெளிவிளிம்போடு நின்றிருந்தால் நீங்களே தொடரலாம். ஈர்க்கைச் செருகிப் பார்க்கையில் அது பசைக்கு அடியில் ஒரு விரற்கடைக்கு மேல் சென்றால், கண்ணாடியை எடுத்துத்தான் சரிசெய்ய வேண்டும். அது டிங்கரிங் தெரிந்தவரின் வேலை.

கண்ணாடியின் ஓரத்தில் இரண்டு அடுக்கு மாஸ்கிங் டேப் ஒட்டி, கண்ணுக்குக் காப்புக்கண்ணாடியும் கைக்கு உறையும் அணிந்து, சிறிய கம்பிப் பிரஷ்ஷால் உதிரும் துருவை நீக்குங்கள். பிறகு 80 எண் உப்புத்தாளாலும் அதன்பின் 120 எண் உப்புத்தாளாலும் இரும்பு பளிச்சிடும்வரை தேயுங்கள். சுற்றியுள்ள நல்ல பெயின்ட்டிலும் அரை அங்குலத்திற்குச் சொரசொரப்பாக்கினால் பிரைமர் பிடிக்கும். உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய பசையைப் பிடுங்கி எறிய வேண்டாம். புதுப் பசைக்கு அதுவே நல்ல தளம் என்பதால், பெயர்ந்த பகுதியை மட்டும் பிளேடால் சீவி எடுங்கள்.

அடுத்து கழுவுதல். கடலோர ஊர்களில் போர்த் தண்ணீர் உவர்ப்பாக இருக்கும். அதனால் கழுவினால் துருவுக்கு மீண்டும் உப்பூட்டுவதாகிவிடும். காவிரிக் குடிநீரையோ கேன் தண்ணீரையோ துணியில் நனைத்து நான்கைந்து முறை துடைத்தெடுத்து, நன்றாக உலரவிட்டு, இறுதியாக ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். குழிகளில் துருப்புள்ளிகள் எஞ்சியிருந்தால் ரஸ்ட் கன்வெர்ட்டர் தடவுங்கள்; அது துருவைக் கறுப்பான கெட்டிப் படலமாக மாற்றும். டப்பாவில் குறிப்பிட்ட நேரம் காத்திருந்து, எபாக்ஸி பிரைமரை மெல்லிய இரண்டு பூச்சாக அடித்து, ஓர் இரவு காயவிடுங்கள். அந்த இரவு கார் திறந்தவெளியில் நிற்கக் கூடாது, ஏனெனில் கடற்காற்றின் உப்பு பனியோடு சேர்ந்து விடிவதற்குள் பிரைமரின் மேல் படிந்துவிடும்.

பசை இடுதல்

காலை ஒன்பது மணிக்கு மேல், பனி முழுவதும் உலர்ந்தபின், நிழலில் இந்த வேலையைத் தொடங்குங்கள். பிரைமரின் மேல் ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் பீடிங் உள்ள வண்டிக்கு, தண்ணீர்போல் ஓடும் வகைச் சிலிக்கான் ஏற்றது. ஐஸ்கிரீம் குச்சியால் பீடிங்கின் உதட்டைத் தூக்கி, குழாயின் நுனியை உள்ளே நுழைத்து, ஒழுகிய இடத்திற்கு இருபுறமும் ஒரு சாண் கூடுதலாக விடுங்கள். அது இடுக்குகளில் தானே இறங்கும். ரப்பர் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தால் இதனால் பயனில்லை, பீடிங்கையே மாற்றிவிடுங்கள்.

ஒட்டப்பட்ட கண்ணாடிக்குச் சிலிக்கானைப் பயன்படுத்த வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. காயும்போது வினிகர் வாடை அடிக்கும் சாதாரணச் சிலிக்கான் அமிலத்தை வெளியிட்டு இரும்பை அரிக்கும். எந்தச் சிலிக்கான் பட்ட இடத்திலும் பிற்காலத்தில் பாலியூரித்தேன் ஒட்டாது. கார்க் கண்ணாடிக்கென்று விற்கும் பாலியூரித்தேன் சீலன்ட்டையும், அதற்குரிய கண்ணாடிப் பிரைமரையும் கேட்டு வாங்கி, பிரைமரை முதலில் பசை படும் கண்ணாடி ஓரத்தில் தடவிக்கொள்ளுங்கள். குழாயின் நுனியை 45 பாகைச் சாய்வாக வெட்டி, பசை பிதுக்கும் துப்பாக்கியில் பொருத்தி, இடைவெளியின் அடிவரை நிரம்பும்படி இடைவிடாத ஒரே ஓட்டமாக இழுங்கள். நிறுத்தி நிறுத்தி இட்டால் நடுவே காற்றுக்குமிழி தங்கி, அதுவே அடுத்த மழைக்கு வழியாகும். பிளாஸ்டிக் தகட்டால் அழுத்திச் சமன்செய்து, பசை தோல் கட்டுவதற்கு முன் மாஸ்கிங் டேப்பை உரித்துவிடுங்கள். வெயில் நேரடியாகப் பட்டால் பாலியூரித்தேன் நாளடைவில் வெடிக்கும் என்பதால், ஓரப் பட்டையை மறுபடியும் பொருத்த மறக்காதீர்கள்.

பாலியூரித்தேன் காற்றின் ஈரத்தை உண்டுதான் இறுகுகிறது. நம் கடற்கரைக் காற்று இந்த ஒரு வேலைக்கு உதவியானது. ஆயினும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் ஆழம்தான் இறுகும் என்பதால், ஆழமான இடைவெளிக்கு இரண்டு மூன்று நாள் கொடுங்கள். முதல் நாளில் கதவை அடித்துச் சாத்தினால் உள்ளே அழுந்தும் காற்று பசையைத் தள்ளும். ஒரு ஜன்னலைச் சற்று இறக்கியே வையுங்கள்.

மறுசோதனை

மூன்றாம் நாள் பவுடரும் நாளிதழும் இட்டு, அதே வரிசையில் மீண்டும் நீர் விட்டுப் பாருங்கள். இடையில் ஈரம் ஃபியூஸ் பெட்டிப் பக்கம் இறங்கியிருந்தால், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, அப்பகுதி முழுதும் உலர்ந்த பிறகே மாட்டுங்கள். தரைவிரிப்பின் அடியில் இருக்கும் ஸ்பாஞ்சு, மேலே காய்ந்தது போலத் தோன்றினாலும் நாள்கணக்கில் நீரைத் தேக்கிவைத்திருக்கும். அதைத் தூக்கி நிறுத்திக் காயவையுங்கள். ஒரு நல்ல மழை பெய்து, காலடியில் விரித்த நாளிதழ் மறுநாள் காலையில் மொறுமொறுப்பாகவே இருப்பதைப் பார்த்த பின்பு விரிப்பை அதன் இடத்தில் போடலாம்.