மட்டக்களப்பில் மரதனுக்குத் தயாராவது: முதலில் மெதுவாக ஓடப் பழகுங்கள்

நம்மில் பலர் ஓடிய ஒரே மரதன், பள்ளிக்கூடத்து இல்ல விளையாட்டுப் போட்டிக்காக வீதியில் ஓடியதுதான். முன்னால் ஒரு மோட்டார் சைக்கிள், வழியில் தோடம்பழச் சுளை, முடிவில் குளுக்கோஸ். நானும் ஓடினேன். முதல் சந்தி வரை எல்லோரையும் முந்திப் பாய்ந்து, இரண்டாவது சந்தியில் மதகில் குந்தியிருந்து சத்தியெடுத்தேன். அது ஐந்தாறு கிலோமீற்றர்தான் இருக்கும். உண்மையான மரதன் 42.195 கிலோமீற்றர். 1908 இலண்டன் ஒலிம்பிக்கில் ஓடிய அந்தத் தூரம் 1921இல் எல்லோருக்கும் பொதுவான அளவாக நிலைத்தது. பல வருடங்கள் கழித்து மறுபடி ஓடத் தொடங்கியபோது, நான் முதலில் மறக்க வேண்டியிருந்தது அந்தச் சந்திவரைப் பாய்ச்சலைத்தான்.

1. மாதத்தைப் பார்த்துத் தொடங்குங்கள்

மாரி மழை ஓய்ந்த பெப்ரவரி நல்ல நேரம். வீதி காய்ந்திருக்கும், காலையில் சற்றுக் குளிர்ச்சியும் மிச்சமிருக்கும். கச்சான் காற்று அடிக்கும் யூன், யூலையில் புதிதாகத் தொடங்கியவர்களில் பலர் இரண்டாம் வாரமே நின்றுவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கொழும்பில் நடக்கும் பெரிய மரதன் பெரும்பாலும் ஒக்டோபரில் வருவதால், பெப்ரவரியில் தொடங்குபவருக்கு எட்டு மாதம் கிடைக்கிறது. அது அரை மரதனுக்குப் போதும். முழு மரதனை அடுத்த வருடத்துக்கு வையுங்கள். நாற்பது வயது தாண்டியவர்களும் நீரிழிவு, இரத்த அழுத்தம், நெஞ்சுவலி உள்ளவர்களும் முதலில் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

2. சப்பாத்து

பணம் செலவழிக்க வேண்டிய இடம் இது ஒன்றுதான். மாலையில் போய் வாங்குங்கள். பகல் முழுக்க நடந்த கால் சற்று வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். ஓடும்போது போடும் காலுறையோடு போட்டுப் பாருங்கள். எழுந்து நின்றால் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும். பிறகு சப்பாத்தைக் கையில் எடுத்து, நுனியையும் குதியையும் பிடித்து மடக்குங்கள். விரல்கள் தொடங்கும் இடத்தில் மடிந்தால் நல்லது. நடுவில் இரண்டாக மடிந்தால், அதில் எந்தப் பெரிய பெயர் ஒட்டியிருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

குதி வழுக்குகிறதா? சப்பாத்தின் ஆக மேலே, சற்றுப் பின்தள்ளி, யாரும் பயன்படுத்தாத ஓர் ஓட்டை இருக்கும். கயிற்றை எதிர்ப்பக்கம் கொண்டுபோகாமல், அதே பக்கத்தில் அந்த ஓட்டைக்குள் விட்டு ஒரு சிறு வளையம் செய்யுங்கள். இரண்டு பக்கமும் செய்த பிறகு, இடக் கயிற்றை வல வளையத்துக்குள்ளும் வலக் கயிற்றை இட வளையத்துக்குள்ளும் நுழைத்து, கீழ்நோக்கி இழுத்து முடியுங்கள். குதி அசையாது. இது தெரியாமல் நான் இரண்டு கால் நகங்களைப் பறிகொடுத்தேன்.

உடுப்பில், பருத்தி ரீ-சேட் வேண்டாம். வியர்வையைக் குடித்துக் கனத்துத் தோலை உரசும். சாதாரண விளையாட்டு ஜேர்சி போதும். முழுக் காற்சட்டையோடும் முக்காட்டோடும் ஓடும் பெண்கள், மெல்லிய, சீக்கிரம் காயும் துணியாகத் தேர்ந்தால் சரி. அக்குளிலும் தொடையிடுக்கிலும் வசலின் தடவிக்கொள்ளுங்கள். தேங்காய் எண்ணெயும் உதவும், ஆனால் வியர்வையில் சீக்கிரம் போய்விடும்.

3. முதல் எட்டு வாரம்

வாரத்துக்கு மூன்று நாள், ஒன்றுவிட்டு ஒரு நாள். ஐந்து நிமிடம் நடந்து உடம்பைச் சூடாக்குங்கள். பிறகு ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று எட்டு முறை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டி நடையைக் குறையுங்கள். எட்டாம் வாரத்தில் நிற்காமல் இருபத்தைந்து, முப்பது நிமிடம் ஓடுவீர்கள். ஒரு வாரம் கடினமாக இருந்தால் அதே வாரத்தைத் திரும்பச் செய்யுங்கள். யாரும் புள்ளி போடப் போவதில்லை.

எவ்வளவு மெதுவாக? ஏழாம் வாய்ப்பாட்டை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடிப் பாருங்கள். "ஆறேழு நாற்பத்திரண்டு" வரை ஒரே மூச்சில் வந்தால் வேகம் சரி. "மூவேழு" என்பதிலேயே இளைத்தால், குறையுங்கள். பக்கத்தில் நடந்துபோகிறவர் உங்களை முந்தினாலும் பரவாயில்லை. என்னை ஒருநாள் மீன்கூடையோடு போன ஓர் அம்மா முந்திப் போனார்.

வெட்கப்பட ஒன்றும் இல்லை, காரணம் நம் காற்றில் இருக்கிறது. வியர்வை வழிவதால் உடம்பு குளிர்வதில்லை, அது ஆவியாகும்போதுதான் குளிர்கிறது. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல் என்றிருக்கும் ஊரில் காற்றே ஈரம் நிறைந்தது, வியர்வை ஆவியாகாமல் சொட்டும். சூட்டை வெளியேற்ற இதயம் தோலுக்கும் இரத்தம் அனுப்ப வேண்டும், கால் தசைக்கும் அனுப்ப வேண்டும். குளிர்நாட்டுக்காரர் எழுதிய வேக அட்டவணையை இங்கே அப்படியே பின்பற்றினால், இரண்டு வேலைக்கும் இரத்தம் காணாது.

4. எங்கே ஓடலாம்

காலை ஐந்து மணிக்கு வெளிக்கிடுங்கள், ஏழுக்கு முன் வீடு திரும்புங்கள். எனக்குப் பிடித்த இடம் பழைய கல்லடிப் பாலம். 1924இல் திறந்த அந்த இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் புதிய பாலம் வந்த பிறகு, பெரிய வாகனங்களின் தொல்லை இல்லை. கீழே மீன் பாடும் என்பார்கள். எனக்கு இதுவரை கேட்டது என் மூச்சுச் சத்தம்தான். மட்டக்களப்பில் மேடு என்றால் பாலம் மட்டுமே என்பதால், ஏற்றம் பழக விரும்புகிறவர் புதிய பாலத்தில் நாலு தடவை ஏறி இறங்கலாம். நீண்ட தூரத்துக்கு, பார் வீதியால் முகத்துவாரத்து வெளிச்சவீடு வரை போய்த் திரும்புங்கள்.

கல்லடிக் கடற்கரையில் ஓடுவதானால் அலை நனைத்த இறுகிய மணலில் ஓடுங்கள். அது கடல் பக்கம் சரிந்திருக்கும், ஒரு கால் எப்போதும் பள்ளத்தில் இருக்கும். அதனால் போன தூரம் அவ்வளவும் அதே கரையால் திரும்பி வாருங்கள். கரைவலை இழுக்கும் இடத்தில் கயிற்றைத் தாண்டிக் குதிக்க வேண்டாம், சுற்றிப் போங்கள். வீதியில் வலப்பக்கமாக, வரும் வாகனத்தைப் பார்த்தபடி ஓடுங்கள். நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள், பெரும்பாலும் அதுவும் நிறுத்திவிடும்.

5. தண்ணீரும் சாப்பாடும்

ஓடுமுன்னும் ஓடிய பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் வியர்வை போயிருக்கிறது. அதை அன்று பகலுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து ஈடுசெய்யலாம். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஓடினால் வெறும் தண்ணீர் போதாது, உப்பும் வேண்டும். வயிற்றோட்டத்துக்குக் கொடுக்கும் ஜீவனி உப்புத்தூளைப் பைக்கற்றில் சொன்ன அளவு தண்ணீரில் கரைக்கலாம், அல்லது ஒரு லீற்றர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும். ஓடி முடித்து வாவிக்கரையில் குடிக்கும் செவ்விளநீருக்கு ஈடில்லை, ஆனால் அதில் உப்புக் குறைவு. ஓட்டம் முழுக்க வெறும் தண்ணீரை மட்டுமே குடம் குடமாகக் குடிப்பதும் ஆபத்து, இரத்தத்தில் உப்பு இறங்கிவிடும்.

ஓடுமுன் ஒரு கதலிப்பழம். வந்த பிறகு புட்டோ இடியப்பமோ, முட்டையோ மீனோ, வயிறு கேட்பதைக் கொடுங்கள்.

6. தூரத்தைக் கூட்டுதல்

அரை மரதனுக்கு வாரத்தில் ஒருநாள் நீண்ட ஓட்டம். ஒவ்வொரு வாரமும் ஒன்றிரண்டு கிலோமீற்றர் கூட்டி, நாலாவது வாரம் குறைத்து ஓய்வெடுங்கள். பதினெட்டு கிலோமீற்றர் ஓடியவர் அரை மரதனை முடிப்பார். முழு மரதனுக்கு முப்பது வரை போய், கடைசி மூன்று வாரம் தூரத்தைக் குறைத்துக்கொண்டே வர வேண்டும். தசைநோவு வரும், போகும். கணைக்கால் எலும்பில் விரலால் அழுத்தினால் ஒரே புள்ளியில் வலிக்கிறதென்றால் அன்றே நிறுத்திவிட்டு வைத்தியரைப் பாருங்கள். தலைச்சுற்று, குளிர்நடுக்கம், பேச்சுக் குழறல் வந்தால் நிழலுக்குப் போய்த் தலையிலும் உடம்பிலும் தண்ணீரை ஊற்றி, ஆளைக் கூப்பிடுங்கள்.

7. ஓட்ட நாள்

இரவுப் பஸ்ஸில் கொழும்புக்குப் போய் இறங்கி, அப்படியே தொடக்கக் கோட்டில் நின்றவன் நான். பதினைந்தாம் கிலோமீற்றரில் கண் சொருகியது. ஒரு நாள் முன்னதாகப் போங்கள். புதுச் சப்பாத்து, புதுச் சாப்பாடு இரண்டும் அன்று வேண்டாம். முதல் ஐந்து கிலோமீற்றரில் கூட்டம் இழுக்கும் இழுப்புக்குப் போகாமல் வாய்ப்பாட்டைச் சொல்லுங்கள். முடிந்ததும் உட்காராமல் பத்து நிமிடம் நடங்கள். திரும்பி வரும்போது பஸ்ஸைவிட ரயில் நல்லது, இடையிடையே எழுந்து நடக்கலாம். மட்டக்களப்பு நிலையத்தில் இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துப் பின்பக்கமாகத் திரும்பி இறங்குங்கள். அன்றைக்குத் தொடை முன்பக்கமாக இறங்கச் சம்மதிக்காது.