பிரஷர் விழுந்தால் உடனே சேலைனா? காலை உயர்த்திப் பார்க்கையில் நேரும் தவறுகள்

தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து அம்மாவைத் தூக்கிவரும் மகன் முதலில் கேட்பது, "டொக்டர், அம்மாவுக்கு ஒரு சேலைன் ஏத்துங்க, தெம்பு வந்துரும்." அவரைக் குறை சொல்ல மாட்டேன். பிரஷர் 80க்கு விழுந்ததும் அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் நம் கை நீளுவதும் அதே போத்தலுக்குத்தான். முதல் தவறு அங்கேயே நடக்கிறது. குருதியோட்டம் நிலைகுலைந்த நோயாளரில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குத்தான் சேலைன் கொடுத்தால் இதயம் கூடுதலாகப் பம்ப் செய்யும். மற்றவர்களுக்கு அது நுரையீரலிலும் சிறுநீரகத்திலும் நீர்க்கட்டாக மிஞ்சும்.

யார் எந்தப் பாதி என்பதை ஊசி குத்தாமல் அறியக் கிடைத்த நல்ல வழி, காலை உயர்த்திப் பார்ப்பது. கால்களிலும் வயிற்றிலும் தங்கிய சுமார் 300 மி.லீ. குருதி இதயத்துக்கு வரும், காலை இறக்கினால் திரும்பிப் போய்விடும். ஒரு சொட்டு சேலைனும் செலவாகாது. இவ்வளவு எளிதாக இருப்பதாலேயே கவனமின்றிச் செய்கிறோம்.

பலர் மல்லாந்து படுத்திருப்பவரின் காலை அப்படியே தூக்குகிறார்கள். தலைப்பக்கம் 45 பாகையில் சாய்ந்திருக்கும் நிலையில் தொடங்கி, உடம்பைச் சமமாக இறக்கி, காலை 45 பாகைக்கு உயர்த்த வேண்டும். இல்லாவிட்டால் வயிற்றுக் குருதி சேராது, விளைவு குறைவாகத் தெரியும். இரண்டு பேர் காலைப் பிடித்துத் தூக்கவும் கூடாது. வலியிலோ இருமலிலோ நாடி ஏறினால், அதை இதயத்தின் பதிலென்று நினைத்து ஏமாறுவோம். கட்டிலையே சாய்க்க வேண்டும். பழைய கட்டில் அதற்கு இடம் தராவிட்டால், 100 மி.லீ. சேலைனை ஒரு நிமிடத்தில் கொடுத்துப் பார்க்கலாம்.

அதைவிடப் பெரிய தவறு பிரஷரை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது. இதயம் வெளியேற்றும் குருதி கூடியும் பிரஷர் அசையாமல் இருக்கலாம். நெஞ்சில் எக்கோ (இதய ஸ்கேன்) புரோபை வைத்து, இடது கீழறையின் வெளிவாயிலில் வி.டி.ஐ. அளக்க வேண்டும்; ஒரு துடிப்பில் குருதி எவ்வளவு தூரம் தள்ளப்படுகிறது என்ற அளவு அது. 10 சதவீதமோ அதற்கு மேலோ கூடினால் உடம்பு பதில் சொல்கிறது. ஒன்றரை நிமிடத்துக்குள் அளந்துவிடுங்கள், அதன் பிறகு விளைவு மங்கிவிடும். எக்கோ இல்லாமல் வென்டிலேட்டரில் இருப்பவருக்கு, மூச்சுவிடும் அளவு மாறாமலிருக்க, வெளிமூச்சின் காபனீரொட்சைட்டு 5 சதவீதம் ஏறுவதும் நல்ல தடயம். வயிற்றில் அழுத்தம் கூடியவரில் முடிவை நம்ப வேண்டாம். மரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவருக்கு இந்தச் சோதனையே வேண்டாம்.

மொனிட்டரில் நாடி அழுத்தம் (பிரஷரின் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்) மூச்சோடு எவ்வளவு மாறுகிறதென்று பார்த்து முடிவெடுப்பவர்களும் உண்டு. தானாக மூச்சுவிடுபவரிலும், நாடி ஒழுங்கற்றவரிலும், வென்டிலேட்டர் ஒரு மூச்சில் உடலெடை ஒரு கிலோவுக்கு 8 மி.லீ.க்குக் குறைவாகக் காற்றுத் தள்ளும்போதும் அந்த எண் பொய் சொல்லும்.

எங்கள் ஊருக்கென்று ஒரு கண்ணி இருக்கிறது: குளிர். நுவரெலியாவின் ஜனவரி இரவில் விறைத்த விரலை அழுத்தினால், குருதியோட்டம் குறைந்ததுபோல நிறம் மெதுவாகத்தான் திரும்பும், விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் ஒட்சிமானியின் அலையும் சுருங்கும். கையைக் கம்பளியில் சூடாக்கிவிட்டு, விரல் நுனியை 10 செக்கன் அழுத்துங்கள். நிறம் திரும்ப 3 செக்கனுக்கு மேல் எடுத்தால்தான் கவலை.

இவ்வளவும் சொன்னேன் என்று, கொழுந்து பறிக்கையில் குளவி கொட்டி மயங்கி வருபவருக்குக் காலைத் தூக்கி எக்கோ தேடாதீர்கள். தொடைத் தசையில் அட்ரினலின் முதலில், சேலைன் தாமதமின்றி. குருதி கொட்டுபவருக்கும் காத்திருக்கக் கூடாது.

எலிக்காய்ச்சல் இதற்கு நேரெதிர். 2008இல் மாத்தளை, கண்டிப் பக்கம் அது பரவியதை நினைத்துப் பாருங்கள். சிறுநீரகம் படுத்து, நுரையீரலில் குருதி கசிந்து, சிலருக்கு இதயத் தசையும் அழலும். அங்கே எனக்கு ஒவ்வொரு போத்தலும் பயம்.

இன்னொன்று: வி.டி.ஐ. கூடியதாலேயே சேலைன் கொடுக்க வேண்டுமென்றில்லை. சுகமாக இருக்கும் உங்கள் காலை உயர்த்தினாலும் அது கூடும். கை கால் குளிர்ந்து, சிறுநீர் குறைந்து, குருதியில் லக்டேட் (உடம்புக்கு ஒட்சிசன் போதாதபோது கூடும் பொருள்) ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 250 மி.லீ. கொடுத்து, அதே இடத்தில் மறுபடி அளவெடுங்கள். நுரையீரலிலும் ஸ்கேன் புரோபை வையுங்கள். நீர் சேர்வதைக் காட்டும் ஈரக்கோடுகள் புதிதாகத் தெரிந்தால் அடுத்த போத்தலைத் தொங்கவிடாமல், குருதிக்குழாய்களைச் சுருக்கிப் பிரஷரை ஏற்றும் நொரட்ரினலினைப் பற்றிப் பேசுங்கள்.