கண்ணுக்குள்ள லென்ஸ் ஆடுதான்னு பாக்குறது எப்படி? சொட்டு மருந்து விடுறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

பாண்டிச்சேரியில கண் ஓபிடில வேலை பாக்குறேன், புதுசா வர்ற ஜூனியர் பசங்க எல்லாரும் கேக்குற விஷயம்ங்கிறதால மொத்தமா எழுதிடுறேன்.

நம்ம கண்ணோட லென்ஸ் உறியில தொங்குற பானை மாதிரி, சுத்தி வர மெல்லிசான நார் பிடிச்சு நிக்குது, அதுக்குப் பேரு ஸோன்யூல். புரை ஆபரேஷன்ல பழைய லென்ஸை எடுத்துட்டு அதோட பையை மட்டும் விட்டு வைப்பாங்க, அந்தப் பைக்குள்ள தான் 6 மில்லிமீட்டர் செயற்கை லென்ஸ் உக்காருது, அதனால நார் லூஸ் ஆனா சொந்த லென்ஸும் ஆடும் வச்ச லென்ஸும் ஆடும். அடிபட்ட கண், கண் பாப்பா ஓரத்துல பொடுகு மாதிரி வெள்ளையா படிஞ்சிருக்குற சூடோ எக்ஸ்ஃபோலியேஷன், மார்ஃபன் (உடம்போட இணைப்புத் திசு பலவீனமா இருக்குற பரம்பரை நோய்) இருக்குறவங்க, இவங்களை கண்டிப்பா செக் பண்ணணும்.

ஸ்டெப் 1: சொட்டு விடாதீங்க. இது தான் ரொம்ப முக்கியம். பாப்பாவை விரிக்கிற மருந்து உள்ள இருக்குற தசையைத் தளர்த்திடும், அப்போ நார் இழுத்துப் பிடிச்சுக்கும், ஆட்டம் மறைஞ்சிடும். முன்னாடி வேலை பாத்த இடத்துல மீன்பிடிக்கிற ஐயா ஒருத்தர் வந்தார், கூட்டம் அதிகம்னு சொட்டு விட்டுட்டு தான் நான் பாத்தேன், லென்ஸ் அசையாம நல்லா இருந்துச்சு, அப்படியே எழுதிட்டேன். ஆபரேஷன் டேபிள்ல தான் நார் ஒரு பக்கம் அறுந்திருக்குறது தெரிஞ்சுது. எப்பவோ படகு கயிறு அடிச்ச கண்ணாம், நான் கேக்கவே இல்ல. இன்னிக்கும் மனசு வலிக்குது.

ஸ்டெப் 2: ஸ்லிட் லேம்ப்ல (கண்ணைப் பெருசாக்கிப் பாக்குற விளக்கு வச்ச மைக்ராஸ்கோப்) 16 மடங்கு வைங்க, வெளிச்சக் கோடு மெல்லிசா, பக்கத்துல இருந்து 30 முதல் 45 டிகிரி சாய்வா. நெத்தி பட்டையில ஒட்டி இருக்கணும்.

ஸ்டெப் 3: "ஆயா, தலையை ஆட்டாம என் இந்தக் காதைப் பாருங்க, இப்ப அந்தக் காதைப் பாருங்க"ன்னு சொல்லுங்க. கண்ணு ஓடும்போது பாக்காதீங்க, நின்ன உடனே பாருங்க. கடலூர் பஸ்ல டிரைவர் பிரேக் போட்டா வண்டி நின்னதுக்கு அப்புறமும் கம்பியில மாட்டுன பை ஆடும்ல, அதே தான். ஐரிஸ் (பாப்பாவைச் சுத்தி இருக்குற நிற வளையம்) லேசா நடுங்குதா, லென்ஸ் மேல விழுற வெளிச்சப் புள்ளி துள்ளுதான்னு கவனிங்க. அந்தப் புள்ளிகளுக்கு பர்கின்ஜே பிம்பம்னு பேரு, மொத்தம் 4. முதலாவது கருவிழியோட (கண்ணு முன்னாடி கண்ணாடி மாதிரி இருக்குற கார்னியா) முன்பக்கத்துல இருந்து வர்றது, பளிச்சுன்னு இருக்கும். நாலாவது லென்ஸோட பின்பக்கத்துல இருந்து வர்றது, சின்னது, தலைகீழா இருக்கும், புரை முத்திப் போச்சுன்னா தெரியாது.

ஸ்டெப் 4: இப்ப அளக்கலாம். ஐபீஸ்ல போனை மாட்டி 240 ஃபிரேம் ஸ்லோ மோஷன்ல எடுங்க. லென்ஸ் செகண்டுக்கு சுமார் 20 தடவை ஆடும், சாதா 30 ஃபிரேம் வீடியோ இதுக்குப் பத்தாது, 240ல ஒரு ஆட்டத்துக்கு 12 ஃபிரேம் கிடைக்கும். கண்ணு நின்ன ஃபிரேம்ல இருந்து ஒவ்வொண்ணா நகர்த்தி, முதல் புள்ளிக்கும் நாலாவது புள்ளிக்கும் நடுவுல எத்தனை பிக்சல்னு குறிச்சுக்கங்க, தூரம் மாறாம நிக்கிற வரைக்கும் எத்தனை ஃபிரேம் ஆகுதுன்னும் எண்ணுங்க. இந்தப் பிக்சல் கணக்கு லென்ஸ் நகர்ந்த மில்லிமீட்டர் கிடையாது, ஒப்பிட்டுப் பாக்க மட்டும் தான். நல்ல கண்ணுலயும் கொஞ்சம் ஆட்டம் இருக்கும்ங்கிறதால அதே செட்டிங்ல அடுத்த கண்ணையும் எடுத்து வித்தியாசம் பாருங்க, ஒரு கண்ணுக்கு 3 தடவையாவது எடுங்க.

ஸ்டெப் 5: ஏற்கனவே வச்சிருக்குறது டோரிக் லென்ஸ்னா (சிலிண்டர் பவரையும் சரி பண்ற செயற்கை லென்ஸ்) ஆட்டத்தோட சுழற்சியும் பாக்கணும், இதுக்கு மட்டும் கடைசியா சொட்டு விட்டுக்கலாம். வெளிச்சக் கோட்டைத் திருப்பி லென்ஸ்ல இருக்குற புள்ளிக் குறி மேல வச்சு டிகிரியைப் படிங்க. 1 டிகிரி திரும்பினா சிலிண்டர் பவர்ல சுமார் 3.3 சதவீதம் போகும், 30 டிகிரின்னா வச்ச பலனே இல்ல. தலை சாஞ்சிருந்தா ரீடிங் தப்பாகும், அதனால தாடையும் நெத்தியும் சரியா இருக்கான்னு திரும்பவும் பாத்துக்கங்க.

ஸ்டெப் 6: கேஸ் ஷீட்ல "சொட்டுக்கு முன்னாடி பாத்தது"ன்னு தெளிவா எழுதுங்க, எந்தக் கண்ணு, எத்தனை ஃபிரேம், அடிபட்டதான்னும் சேத்து. ஆட்டம் இருந்தா ஷீட்டோட விட்டுடாம சர்ஜன்கிட்ட நேர்ல போய் சொல்லுங்க, பையைத் தாங்குற டென்ஷன் ரிங்கை அவங்க முன்கூட்டியே எடுத்து வச்சுப்பாங்க.